திருத்தம் 6.4

ஜனவரி 9

தம்பிக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. போனில் கேட்டிருக்கலாம்தான். உன் குரலைக் கேட்டால் திட்டிவிடுவேன், பிறகு காரியம் கெட்டுப்போகும்.

என் மேசை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பிரஸ்ஸிலிருந்து ஏழு அடி. பிரஸ்ஸில் அடித்து வரும் இரும்புப் பீஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்று ஒலித்தால் நல்ல பீஸ், மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல். பதினாறு வருடமாக இந்தக் காதுதான் சோறு போடுகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் இந்த வேலை நடக்காது.

நான்கு வருடம் முன்பு நீ உன் கம்பெனி சார்பில் இங்கே வந்து, பிரஸ் எத்தனை அடி அடிக்கிறது என்று எண்ணும் கம்ப்யூட்டர் நிரலைப் போட்டுவிட்டுப் போனாய். ஒரே மாதத்தில் பிரஸ் நிமிடத்துக்கு நாற்பது அடியிலிருந்து ஐம்பத்தைந்துக்குப் போனது. "நான் எண்ணத்தான் வெச்சேன்க்கா, ஓட்டச் சொல்லலை" என்றாய். அதைப் பற்றி இனிமேல் பேசப்போவதில்லை, இந்தக் கடிதம்தான் கடைசி.

போன வாரம் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. வலது நன்றாக இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும். பிரஸ்ஸுக்கும் எங்கள் மேசைக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பினால் போதும். ஃபோர்மேன் விசிலிடம் கேட்டேன் (எப்போதும் வாயில் விசில் இருக்கும், அதனால் இந்தப் பெயர்). "சொவரு வெச்சா பீஸ் எப்படிம்மா உங்க மேசைக்கு வரும், பறந்தா?" என்றான்.

தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர். அவர் அளக்க வரும் நாளில் மட்டும் விசில் பிரஸ்ஸை மெதுவாக ஓட்டுகிறான், அது அவருக்கும் தெரியும். "ஒரு வருஷம், கம்பெனி ஓடுற நாள் ஒண்ணுகூட விடாம, தொண்ணூறு டெசிபலுக்கு மேல இருக்குன்னு காட்டுங்க. சுவர் கட்டச் சொல்லி உத்தரவு போட்டுடறேன்" என்றார். தன்னுடைய பழைய சவுண்ட் மீட்டரையும் கொடுத்திருக்கிறார். அது 6.4 குறைவாகக் காட்டுமாம், கூட்டிக்கொள்ள வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அடுத்த வருடம் மார்ச்சில் அவருக்கு ஓய்வு.

எங்கள் மேசை ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூங்குகிறது. மீட்டரை அதில் மாட்டினால் தானாக எழுதிக்கொள்ளும்படி ஏதாவது செய்து அனுப்பு. வேலையை விட்டுவிடு என்று மட்டும் எழுதாதே. மாமா முதுகு உடைந்து படுத்ததிலிருந்து இந்த வீடு என் வேலையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்தேன். திட்டுதான் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

இத்துடன் ஒரு சி.டி. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். நான் செய்யும் வேலையை நீ பார்த்ததில்லை அல்லவா? இதில் எழுத்தே கிடையாது. திரையில் பெட்டி பெட்டியாக வரைந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுப்பேன். மீட்டர் ஒரு பெட்டி, கூட்டல் ஒரு பெட்டி, கோப்பில் எழுதுவது ஒரு பெட்டி. டிராயிங்கில் பூஜ்யம் வாங்கியவன் படம் வரைந்து பிழைக்கிறான் என்று நீ சிரிப்பாய்.

சி.டி.யைப் போட்டால், நிரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் இன்ஸ்டாலர் தானாக எழுந்து கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் 'அடுத்து' என்று அழுத்து, யோசிக்காதே. திரையில் 'திருத்தம்' என்று ஒரு கட்டம் வரும். அதில் 6.4 என்று போடு. அவ்வளவுதான், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

என் மகள் குட்டிக்கு ஒரு வயது ஆகிவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை, கத்தல் மட்டும் உண்டு. உன் மீட்டரில் வைத்தால் தொண்ணூறைத் தாண்டும்.

அந்தப் பழைய விஷயம் பற்றி நானும் எழுத வேண்டும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 22

தம்பி,

உன் படம் நன்றாக ஓடுகிறது. நூற்று அறுபத்தெட்டு நாள் சேர்ந்துவிட்டது. தினமும் 95, 96. வெள்ளிக்கிழமை அவசர ஆர்டர் என்றால் 97. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே பைத்தியம் நான்தான்.

ஒரு குறை. உன் 'திருத்தம்' கட்டம் தினமும் காலையில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. நேற்று போட்டது இன்றைக்கு அதற்கு நினைவில்லை. நான் திரை ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி '6.4 போடு' என்று எழுதிவைத்து, வந்ததும் முதல் வேலையாகப் போட்டுவிடுகிறேன். இவ்வளவு நாள் சொல்லாததற்குக் காரணம், உன்னிடம் இன்னொரு உதவி கேட்கப் பிடிக்கவில்லை.

போன மாதம் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் லீவு போட்டேன். பக்கத்து மேசை ரேடியோவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் வாய் ஓயாது, பெயரே அதனால்தான். பேச்சு சுவாரசியத்தில் ஐந்து நாளும் 6.4 போடவில்லை. அந்த ஐந்து நாளும் 89, 89 என்று விழுந்து கிடக்கிறது. ஆய்வாளரிடம் சொன்னேன். "இருநூத்தி எண்பது நாள்ல அஞ்சு நாள்தானே, காரணம் எழுதிக் கொடுங்க, மத்ததோட சேர்த்துப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றார். ஆனாலும் இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாது. அந்தக் கட்டத்துக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி கொடு.

ரேடியோ பாவம், இப்போது என் பீஸையும் சேர்த்துத் தட்டிப் பார்க்கிறாள். எனக்குக் கை வலி.

அக்கா


அக்டோபர் 31

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை முடிக்க வேண்டியிருந்தது. உன் கடிதத்தை மேசை மேலேயே வைத்திருந்தேன்.

அந்தக் கட்டம் மறந்துபோனதற்குக் காரணம் நான்தான். நான் வரையும் இடத்தில் ஒரு எண்ணைப் போட்டு 'இதையே வைத்துக்கொள்' என்று சொன்னால் வைத்துக்கொள்ளும். ஆனால் மூட்டை கட்டி இன்ஸ்டாலராக அனுப்பிவிட்டால், மூட்டை கட்டிய அன்று என்ன இருந்ததோ அதைத்தான் ஒவ்வொரு காலையும் காட்டும். என் கம்ப்யூட்டரில் நிரலை நான் மூடவே இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. இப்போது அந்த எண்ணைத் தனியாக ஒரு கோப்பில் எழுதிவைத்துத் திறக்கும்போது படிக்கும்படி செய்துவிட்டேன். இனி நீயே சொன்னாலும் மறக்காது.

இத்துடன் புதிய சி.டி. பழையதை எடுத்துவிடவா என்று கேட்கும். 'ஆம்' என்று சொல். பிளாஸ்திரியைக் கிழித்துவிடலாம்.

குட்டி வாயைத் திறந்துவிட்டாள். அம்மா, பாப்பா, 'போ'. உன் போட்டோவைக் காட்டி 'அத்தை' சொல்லிக் கொடுக்கிறேன். சொல்ல வந்ததும் போன் போட்டு உனக்குக் கேட்கவைப்பேன்.

தம்பி


நவம்பர் 14

அக்கா,

நேற்று போனில் சொன்னதை எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். நீ ஃபோர்மேன் அறையில் நின்று பேசினாய், பின்னால் பிரஸ் சத்தம், அவசரத்தில் நானும் சரியாக விளக்கவில்லை.

புதிய சி.டி.யைப் போடாதே. முதல் தடவை அனுப்பியபோது, நிரல் எழுத இடம் தேடித் திணறக் கூடாது என்று, அளவுகள் விழும் கோப்பை வெறுமையாக நானே உள்ளே வைத்துக் கட்டியிருந்தேன். நீ இவ்வளவு நாளாகச் சேர்த்ததெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. புதியது ஏறும்போது, பழைய மூட்டையில் வந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதை வைக்கும். அந்தக் கோப்பும் மூட்டையில் வந்ததுதானே. அதற்கு என்ன தெரியும்? வேறொருவருக்கு மூட்டை கட்டும்போது கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன், அப்போதுதான் உறைத்தது. உடனே உனக்குப் போன் போட்டேன்.

ஏற்கெனவே போட்டிருந்தாலும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தொடாமல் விட்டால் மீட்கலாம் என்றும் சொன்னேன். நல்லவேளை, "சரிடா, சரிடா, அப்படியே செய்றேன்" என்று நீ சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் ரிசீவரைக் குட்டியிடம் கொடுத்தேனே, அவள் "அத்தே" என்று சொன்னாள், முதல் முறையாக. நீ அவளிடமும் "சரிடா, அப்படியே செய்றேன்" என்றாய். நானும் குட்டியின் அம்மாவும் ராத்திரி வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சரியான சி.டி. அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

தம்பி


நவம்பர் 24

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது.

அன்றைக்கு நீ என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஏதோ தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருந்தது, நடுவில் நிறுத்தி நிறுத்தி வந்தது. நிறுத்திய இடத்தில் எல்லாம் 'சரிடா' என்றேன். விசில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தால் மறுநாளே என் மேசைக்கு வேறு ஆள் வந்துவிடும். குட்டி பேசியதும் எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வலது காது ஆகஸ்டிலேயே போக ஆரம்பித்துவிட்டது. கை வலி என்று உனக்கு எழுதினேனே, அது பொய். பீஸைத் தட்டினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் ஒலிக்கிறது. ரேடியோ தட்டிப் பார்த்துவிட்டு எனக்குத் தலையாட்டுகிறாள். நான் முத்திரை குத்துகிறேன்.

சி.டி. 12-ஆம் தேதியே வந்துவிட்டது. வேலை அதிகம், பையிலேயே கிடந்தது. நீ போன் செய்த இரண்டு நாள் கழித்துத்தான் போட்டேன். பழையதை எடுத்துவிடவா என்று கேட்டது. 'ஆம்' என்றேன். திறந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. சரியாக ஏறவில்லை போலிருக்கிறது என்று எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஐந்து முறை எடுத்து எடுத்துப் போட்டேன். பிறகு தினமும் ஓடவிட்டேன், பழையது எங்காவது இருந்து தானாக வந்து சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். எனக்கு இதெல்லாம் தெரியாதே.

உன் கட்டம் மட்டும் 6.4-ஐ நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கம்பெனிக்கு அடி எண்ணும் நிரல் போட்டாயே, அப்போது எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் எழுதிவைக்க ஏற்பாடு செய்தாய். கரண்ட் போனாலும் ஒரு அடி தப்பாது என்று மானேஜரிடம் பெருமையாகச் சொன்னாய், நான் பக்கத்தில் நின்றேன். அக்காவுக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோப்பு. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அக்கா


டிசம்பர் 27

அன்புள்ள அக்கா,

ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். கம்பெனி வேலை என்றால் மேலே ஒருவர் சோதித்துப் பார்ப்பார், பயம் இருக்கும். அக்கா வேலை என்றால் பயம் இல்லை. உண்மை அதுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் அன்றைக்கே கிளம்பி வந்திருக்கலாம். இரண்டு நாள் ரயில். 'சரிடா' என்று சொன்னாயே என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடி எண்ணும் நிரல் நினைவுக்கு வந்தது. வருடம் முழுக்க ஐம்பத்தைந்து அடி ஓடியது என்று அதிலிருந்து காட்டினால் ஆய்வாளருக்கு ஏதாவது உபயோகப்படாதா என்று பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் கேட்டபடி தொண்ணூறு நாள் தாண்டியதை அழித்துவிடும் பெட்டி ஒன்று அதில் இருக்கிறது, இரண்டு இடத்திலும். அதை வரைந்தவனும் நான்தான்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. என்னோடு படித்த ரிப்பேர்க்காரன் ஒருவனை உன்னிடம் அனுப்பினேன் அல்லவா, நீயும் ரேடியோவும் சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாக உள்ளே விட்டீர்களே. அவன் நகலெடுத்துப்போன கம்ப்யூட்டர் வட்டில் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது. ஆனால் ஒரு ஓரத்தில் சேதமில்லாமல் ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. காலை முதல் மாலை வரை, தேதியோடு, முழுசாக. நேற்று மாலை அனுப்பினான். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தபால் நேரம் ஆகிவிட்டதால் நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நாள்தான், ஆனாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கிறதே. உடனே ஆய்வாளரிடம் கொடு. மீதி நாள் எப்படி அழிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறேன், வேண்டுமானால் நேரில் வந்தும் சொல்கிறேன்.

குட்டி உன் போட்டோவைப் பார்த்தால் இப்போது தானாகவே சொல்கிறாள்.

தம்பி


ஜனவரி 12

தம்பிக்கு,

தாள் வந்தது. உன் அவசரம் உன்னை விட்டுப் போகாது.

தேதியைப் பார். ஜூலை பதினாறு முதல் இருபது வரை. மாமா ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாள். ரேடியோ 6.4 போட மறந்த ஐந்து நாள். காலை 89.3, மதியம் 89.6, மாலை 89.4. வருடம் முழுக்கச் சேர்த்ததில், எங்கள் கொட்டகையில் எல்லாம் சட்டப்படி ஒழுங்காக இருக்கிறது என்று சாட்சி சொல்கிற நாள் ஐந்தே ஐந்துதான். அதைத்தான் உன் நண்பன் பொறுக்கி எடுத்திருக்கிறான். ரேடியோவிடம் காட்டினேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக அவள் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

மறைக்கவில்லை. ஆய்வாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து வாயை அசைத்தார், எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'மற்ற நாட்கள் இருந்திருந்தால் இது பிழை என்று காட்டியிருப்பேன். 6.4 கூட்டியதா, கூட்டாததா என்று இந்தத் தாளில் இல்லை. இது மட்டும் இருந்தால் இதுதான் அளவு. நான் வாங்கினால் கோப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் உங்கள் மனு இன்றோடு முடிந்தது. கொண்டுபோய்விடுங்கள்.' கீழே, 'மன்னிக்கவும்' என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டார். ஏன் அடித்தார் என்று தெரியவில்லை.

மார்ச்சில் அவர் போய்விடுவார். அவர் இடத்துக்கு வருகிறவர் முன்கூட்டியே வந்து விசிலோடு டீ குடித்துவிட்டுப் போனாராம்.

நீ வர வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். உன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு 'சரிடா' என்றவள் நான். ஒரே ஒரு தடவை 'கேக்கலைடா, எனக்குக் காது கேக்கலை' என்று சொல்லியிருந்தால் போதும், சி.டி. பையிலேயே இருந்திருக்கும். நீ என்னிடம் பயமில்லாமல் இருந்தாய். நான் உன்னிடம் வெட்கப்பட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை அழித்தோம்.

நேற்று மறுபடி காது பரிசோதனை. தாளில் இரண்டு காதின் கோடும் கீழே ஒன்றாக ஓடுகின்றன. இனிமேல் சுவர் கட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. ரேடியோவுக்கு வயது இருபத்தாறு, அவளுக்காவது ஆகட்டும் என்று முதல் நாளிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறேன். கொடுக்க ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். சொல்லிக்கொள்வதில்லை.

உன் நிரல் இப்போது ஒரு பிழையும் இல்லாமல் ஓடுகிறது. காலையில் திறந்தால் 6.4 தயாராக நிற்கிறது. எனக்கு அது வேறு விதத்திலும் உதவுகிறது. திரையில் 95 இருந்தால் பிரஸ் ஓடுகிறது. 70-க்கு இறங்கினால் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, எழுந்து போகலாம். முன்பெல்லாம் யாராவது தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

குட்டி அன்றைக்கு போனில் 'அத்தே' என்று சொன்னாள் என்று எழுதியிருந்தாய். எப்படிச் சொன்னாள் என்று எழுதவில்லை. இழுத்துச் சொன்னாளா, வெடுக்கென்று சொன்னாளா? அவள் குரல் யார் குரல் மாதிரி, உன்னுடையதா, நம் அம்மாவுடையதா? அவசரப்படாமல், யோசித்து, விவரமாக எழுது. நான் 'சரிடா' என்று சொன்னதும் அவள் என்ன செய்தாள் என்பதையும் எழுது.

அக்கா